லீவு இல்லாத வேலைக்கு ஒரு நாள்

மனநலப் பராமரிப்பாளர்களுக்காக நடத்தப்படும் கூட்டத்தில் யார் பராமரிப்பாளர், யார் விருந்தாளி என்று கண்டுபிடிக்க பேட்ஜ் தேவையில்லை. முன்வரிசை நாற்காலிகள் காலியாகக் கிடந்தாலும் வாசலை ஒட்டி உட்காருகிறவர்கள்தான் பராமரிப்பாளர்கள். அவர்களுடைய செல்போன் கைப்பைக்குள் போகாது, மடியிலேயே இருக்கும். மேடையில் குத்துவிளக்கு ஏற்றிக்கொண்டிருக்கும்போது ஓர் அம்மாள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போன் போடுவார். "கதவத் திறந்தானாக்கா? சாப்ட்டானா?" பதினொன்றரை மணிக்கு டீயும் பிஸ்கட்டும் வரும். டம்ளரைக் கீழே வைத்ததும் பாதிப் பேர் செருப்பைத் தேடுவார்கள். மத்தியான மாத்திரைக்கு நேரமாகிவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு, "பராமரிப்பாளர்களின் மன அழுத்தம்" என்ற தலைப்பில் ஒரு பேராசிரியர் பேசுவார். கேட்க வேண்டியவர்கள் அப்போது பஸ்ஸில் இருப்பார்கள்.

இப்படியொரு நாளை நடத்த நினைக்கிறவர்கள் சிறப்பு விருந்தினர், ஷாமியானா, சாப்பாடு என்று பட்டியல் போடுகிறார்கள். பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டியது வேறு. அழைக்கப்பட்டவர் வீட்டில் இல்லாத அந்த ஆறு மணி நேரமும் வீட்டில் இருப்பவரை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்கு ஏற்பாடு இல்லையென்றால், வர முடிந்தவர்களுக்கான விழாவாக அது முடியும். அதிகம் களைத்துப் போனவர்களால்தான் வரவே முடியாது.

பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16-ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகக் கணக்கிட்டது. சாதாரண மனச்சோர்விலிருந்து மனச்சிதைவு நோய் வரை எல்லாம் அதில் அடக்கம். சிகிச்சைக்கும் போக்குவரத்துக்குமாக ஒரு குடும்பம் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கைக்காசு போடுவதையும் அதே ஆய்வு சொன்னது. கூலி வேலைக்குப் போகிற வீட்டில் அது அரிசிக் காசு. ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று போன கூலி இதில் தனி.

தீவிர மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டில் குடும்பத்தோடுதான் இருக்கிறார்கள். அதாவது அம்மாவோடு, மனைவியோடு, அக்காவோடு. அவர்கள் செய்யும் வேலைக்கு எந்த மருத்துவமனைப் பதிவேட்டிலும் பெயர் கிடையாது. மாத்திரையை விழுங்கினானா, நாக்குக்கு அடியில் ஒதுக்கினானா என்று பார்ப்பது ஒரு வேலை. க்ளோசபின் மாத்திரை தொடங்கினால் முதல் 18 வாரங்களுக்கு வாரம் தவறாமல் ரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். பரிசோதனைச் சீட்டைத் தொலைக்காமல் வைத்திருப்பது இன்னொரு வேலை. ராத்திரியில் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் எழுந்து உட்காருவது. "யாரோ என்னைப் பத்திப் பேசுறாங்க" என்று மகள் சொல்லும்போது, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் பதில் சொல்வது. இதற்கு மருத்துவ மாணவர்களுக்கே பயிற்சி வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் மேல், சொந்தக்காரர்களுக்கு ஒரு கதை தயாராக வைத்திருக்க வேண்டும். "நரம்புத் தளர்ச்சிதான், டாக்டர் சரியாகிடும்னாரு." சென்னைக்காரர்கள் கேலிக்கு எடுக்கும் முதல் சொல் இன்றும், மனநல மருத்துவமனை இருக்கும் "கீழ்ப்பாக்கம்" என்பதால், ஆஸ்பத்திரி ஃபைலைத் துணிக்கடைப் பைக்குள் மறைத்து எடுத்துப்போகிற குடும்பங்கள் உண்டு.

குடும்பத்தை மருத்துவத்துக்குத் துணையாகச் சேர்த்துக்கொண்டதில் இந்தியா முன்னோடி. இது பலருக்குத் தெரியாத பெருமை. 1940களின் இறுதியில், மனச்சிதைவு நோய்க்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்ற கருத்து அமெரிக்காவில் செல்வாக்குப் பெறத் தொடங்கியது. நோயாளியைக் குடும்பத்திடமிருந்து பிரிப்பதே சிகிச்சை என்று நம்பியவர்கள் அங்கே இருந்தார்கள். அடுத்த பத்தாண்டில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் டாக்டர் வித்யாசாகர் நேர்மாறாக ஒன்றைச் செய்தார். ஆஸ்பத்திரி வளாகத்திலேயே கூடாரங்கள் போட்டு, நோயாளிகளின் உறவினர்களைக் கூடவே தங்க வைத்தார். நோயைப் பற்றி அவர்களிடம் பேசினார். குணமாவதைக் கண்ணால் பார்த்த குடும்பங்கள் நோயாளியைப் பயமில்லாமல் வீட்டுக்கு அழைத்துப் போயின. வேலூர் சிஎம்சியின் மனநல மையத்திலும் உறவினர் ஒருவர் உடன் தங்கினால்தான் அனுமதி என்ற முறை வேரூன்றியது.

நல்ல யோசனைதான். ஆனால் காலப்போக்கில் அது அரசுக்கு வசதியாகிவிட்டது. "குடும்பம் இருக்கிறதே" என்ற ஒரு வார்த்தையில் பகல்நேர மையமும் இடைநிலை இல்லமும் வீடு தேடி வரும் நர்சும் தேவையில்லாமல் போயின. குடும்பம் சம்பளம் வாங்காத வார்டு பாய் ஆனது.

அதுவும் முடியாமல் போன குடும்பங்கள் என்ன செய்தன என்பதை 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் நாடே பார்த்தது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். அவர்களை அங்கே கொண்டுவிட்டவர்களை இரக்கமற்றவர்கள் என்று திட்டுவது எளிது. அவர்களில் எத்தனையோ பேர் தர்காவுக்கும் கோயிலுக்கும் வைத்தியருக்கும் ஆண்டுக்கணக்கில் அலைந்து, நகை விற்று, இனி முடியாது என்று வந்தவர்கள்.

பராமரிப்பாளர்கள் களைத்துப் போனால் நோயாளிக்கும் கெடுதல் என்பதற்கு மருத்துவ ஆதாரமே இருக்கிறது. லண்டனில் 1950களின் பிற்பகுதியில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுன், டிஸ்சார்ஜ் ஆன நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார். தனி அறை எடுத்துத் தங்கியவர்களைவிட, பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பியவர்களில் அதிகம் பேர் மறுபடியும் நோய் முற்றி வந்தார்கள். வீட்டில் ஓயாமல் குறைசொல்வதும் எரிச்சலும், மூச்சுமுட்ட வைக்கும் கவனிப்பும் இருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்று பின்னர் தொடர்ந்த ஆய்வுகள் காட்டின. இதே அளவுகோலை 1980களில் சண்டிகரில் வைத்துப் பார்த்தபோது, லண்டனைவிட அங்கே குறைசொல்லும் உறவினர்கள் குறைவாகவே இருந்தார்கள்.

இதை வைத்து நம் குடும்பங்கள் தங்கமானவை என்று மார்தட்டிக்கொள்ளலாம். கூட்டுக் குடும்பம் கரைந்து, ஒரே ஓர் அம்மாள் மட்டும் மிஞ்சியிருக்கும் இரண்டு அறை வீட்டில் இப்போது அளந்தால் என்ன கிடைக்குமோ! பத்து ராத்திரி தூங்காதவர் பதினோராவது நாள் காலையில் எரிந்து விழுவதற்குக் குணம் காரணமல்ல, தூக்கம்தான் காரணம். அவருக்கு ஒரு நாள் ஓய்வு கொடுப்பதும் அந்த வீட்டு நோயாளிக்கான சிகிச்சையில் சேர்த்தி.

பராமரிப்பாளர்கள் ஒன்றுகூடத் தொடங்கிய கதை எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒன்றுதான். இங்கிலாந்தில் ஜான் பிரிங்கிள் என்பவர் தன் மகனின் மனச்சிதைவு நோயைப் பற்றி 1970-ல் தி டைம்ஸ் பத்திரிகையில் எழுதினார். எங்கள் வீட்டிலும் இதே கதைதான் என்று கடிதங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து பிறந்த அமைப்புதான் இன்றைய ரீதிங்க். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் ஹாரியட் ஷெட்லர், பெவர்லி யங் என்ற இரண்டு அம்மாக்கள் மதிய உணவுக்குச் சந்தித்துத் தங்கள் மகன்களைப் பற்றிப் பேசினார்கள்; 1979-ல் அது நாமி என்ற தேசிய அமைப்பானது. இன்று ஊர் ஊராக நடைப்பயணம் நடத்தி நிதி திரட்டுகிற பெரிய இயக்கம் அது.

இங்கே சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவர், கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். ஸ்கார்ஃபுக்கு வந்துபோன குடும்பங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டு, 1980களின் இறுதியில் ஆஷா என்ற குடும்பங்களின் அமைப்பு உருவானது. பெங்களூரில் 1992-ல் அமெண்ட் என்ற குடும்பங்களின் அமைப்பு. புனேயில் 1997-ல் ஜகன்னாத் வாணி தொடங்கிய மனச்சிதைவு விழிப்புணர்வுச் சங்கம். வாணி மருத்துவர் அல்லர். கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். மனைவிக்கு நோய் வந்ததால் இந்த உலகத்துக்குள் வந்தவர். 2004-ல் வந்த 'தேவ்ராய்' என்ற மராத்திப் படத்துக்கு அவருடைய சங்கம் துணை நின்றது. 'ரன்' படத்தில் வில்லனாக நமக்குத் தெரிந்த அதுல் குல்கர்ணிதான் அதில் நோயாளி. ஆனால் படம் பார்த்துவிட்டு வருகிறவர்களை அதிகம் தொந்தரவு செய்வது, தன் குடும்பத்துக்கும் சகோதரனுக்கும் நடுவில் கிழிபடும் சகோதரி சோனாலி குல்கர்ணிதான்.

சரி, நல்லபடியாக நடத்தப்படும் ஒரு நாள் எப்படி இருக்கும்?

நோயாளியும் கூடவே வரலாம் என்று அழைப்பிதழிலேயே போட்டுவிடுவார்கள். பக்கத்துக் கட்டடத்தில் அவர்களுக்கென்று தனி நிகழ்ச்சி: கேரம், பாட்டு, சமையல். பகல்நேர மையத்தில் வேலை பார்க்கிறவர்களும் பயிற்சி பெற்ற சமூகப்பணி மாணவர்களும் கூட இருப்பார்கள். மத்தியான மாத்திரையைப் பெயர் எழுதிய கவரில் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே வர மறுப்பவர்களுக்கு, ஏற்கெனவே அறிமுகமான தன்னார்வலர் வீட்டுக்கே போய் உட்கார்ந்திருப்பார். "ஏற்கெனவே அறிமுகமான" என்பதை அடிக்கோடிட வேண்டும். புது ஆள் திடீரென்று வீட்டுக்குள் வந்து நின்றால் சந்தேக நோய் உள்ளவர் என்ன நினைப்பார்? அதனால் ஒரு நாள் நிகழ்ச்சிக்கு இரண்டு மாதம் முன்பே இந்த வேலை ஆரம்பித்திருக்க வேண்டும்.

காலையில் முதல் வேலையாக பிரஷர், சுகர் பார்க்கும் மேஜை. தன் உடம்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பல வருடமானவர்கள் இங்கே சர்வசாதாரணம். அடுத்தது, மைக் இல்லாத வட்டம். பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், டாக்டர்கள் வெளியே இருக்கலாம். முதல் அரைமணி நேரம் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருவர் "சில நாள் ராத்திரி அவன் தூங்குறப்போ, இப்படியே போயிட்டா நல்லாருக்கும்னு தோணிருக்கு" என்று சொன்ன பிறகு, மற்றவர்களை நிறுத்த முடியாது. அந்த வார்த்தையைக் கணவனிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். எதிரில் இருப்பவர் அதிர்ச்சியடையாமல் தலையாட்டுவதற்காகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறார்கள். யோகாசனமும் தியானமும் கெடுதல் இல்லை. ஆனால் இந்த வட்டத்தின் நேரத்தை வெட்டி அவற்றுக்குக் கொடுப்பது வீண்.

மற்றொரு மூலையில் காகித மேஜை. கூட்டம் அங்கேதான் நெருக்கும். மனநோயும் 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் வருகிறது என்பது பலருக்கு அங்கே வந்துதான் தெரியும். ஐடியாஸ் என்ற அளவுகோலை வைத்து, தன்னைத்தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை பார்ப்பது ஆகிய நான்கையும், நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதையும் பார்த்துச் சான்றிதழ் தருவார்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சலுகைகளுக்கு வழி பிறக்கும். பழைய வரி முறையில் வருமான வரி கட்டுகிறவர் 80டிடி பிரிவில் 75,000 ரூபாயும், பாதிப்பு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம். 2017-ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, உடல் நோய்க்கு உள்ளது போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தர வேண்டும். நடு ராத்திரியில் யாரிடம் கேட்பது என்று தெரியாதபோது, 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நிதி விஷயத்துக்கு வருவோம். மனநலத்துக்குப் பணம் திரட்டுவதில் சென்னைக்கு நல்ல அனுபவம் உண்டு. வீடற்ற மனநோயாளிப் பெண்களுக்காக 1993-ல் தொடங்கப்பட்ட தி பான்யன் அமைப்புக்காக மணிரத்னம் 'நேற்று, இன்று, நாளை' என்ற மேடை நிகழ்ச்சியையே நடத்திக் கொடுத்தார். ஸ்கார்ஃப் 'ஃப்ரேம் ஆஃப் மைண்ட்' என்ற பெயரில் மனநலத் திரைப்பட விழா நடத்துகிறது. சிறிய ஊர்களில் நடைப்பயணம், உணவுக் கடைகள், தொழிற்பயிற்சி மையத்தில் நோயாளிகள் செய்த மெழுகுவத்தி, காகிதப் பை, ஊறுகாய் விற்பனை. ஊறுகாயை இரக்கத்துக்காக ஒருமுறை வாங்குவார்கள், ருசிக்காகத்தான் மறுமுறை வாங்குவார்கள் என்பது ஸ்டால் போட்டவர்களுக்குத் தெரியும்.

பணம் வருவதைவிட எதற்கு வருகிறது என்பதில்தான் சிக்கல். கட்டடத்துக்குக் கொடுப்பார்கள், கல்வெட்டில் பெயர் வரும். பிறந்தநாளுக்கு ஒரு வேளைச் சாப்பாடு போடுவார்கள், போட்டோ எடுத்துக்கொள்ளலாம். சமூகப்பணியாளரின் மார்ச் மாதச் சம்பளத்துக்கு யாரும் கொடுப்பதில்லை. ஆனால் பராமரிப்பாளர்களின் சுமையைக் குறைப்பது அந்தச் சம்பளமும் பஸ் காசும் மாத்திரையும்தான். புதுக்கோட்டை மாவட்டத்தில் 2010 முதல் ஸ்கார்ஃப் இயக்கிய பஸ் நல்ல உதாரணம். ஒரு பக்கம் திரை, அதில் சென்னையிலிருந்து டாக்டர். மறுபக்கம் மருந்து அலமாரி. பஸ் கிராமத்துக்கே வந்து நின்றால், அங்கிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ போய்வரும் ஒரு நாள் கூலி குடும்பத்துக்கு மிச்சம். அந்த பஸ்ஸுக்கு டீசல் போடுவதும் டிரைவருக்குச் சம்பளம் கொடுப்பதும்தான் நன்கொடையின் நிஜமான வேலை. விழா மேடையில் இதை வெளிப்படையாகச் சொல்லிக் கேட்கிற அமைப்புகளுக்கு மெதுவாகத்தான் பணம் வரும். ஆனால் மாதாமாதம் வரும். கொடுக்கிறவர் கவனிக்க வேண்டியது ஒன்று: 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் 80ஜி வரிவிலக்கு கிடைக்காது.

உண்டியல் நிறைய வேண்டும் என்பதற்காக நோயாளியை மேடையேற்றி அழவைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. சிகிச்சையில் இருப்பவரின் படத்தையோ விவரத்தையோ அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குத் தரக் கூடாது என்று 2017 சட்டமே சொல்கிறது. தானாக முன்வந்து, முழு நினைவோடு பேசுகிறவர் பேசட்டும். அம்மா சம்மதித்துவிட்டார் என்பது போதாது.

இந்த இடத்தில் நோயாளிகளின் உரிமைக்காகப் பேசுகிறவர்களுக்கும் பராமரிப்பாளர்களுக்கும் உரசல் உண்டு. புதிய சட்டப்படி, தன் சார்பில் முடிவெடுக்க யாரை வேண்டுமானாலும் நோயாளி நியமிக்கலாம். அது குடும்பத்தைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை. "இருபது வருஷம் பார்த்துக்கிட்டது நாங்க, கையெழுத்துப் போட வேற ஆளா?" என்று பெற்றோர் கொதிக்கிறார்கள். பூட்டிய அறையில் வருடக்கணக்கில் இருந்தவர்களும், சொத்துக்காகப் பைத்தியக்காரப் பட்டம் கட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள் என்பது மறுபக்கம். இரண்டு தரப்பும் ஒரே ஹாலில் உட்கார்ந்து இதைப் பேசிக்கொள்வது, இப்படிப்பட்ட நாட்களின் எதிர்பாராத லாபங்களில் ஒன்று.

இருதரப்பும் ஒத்துப்போகிற கேள்வி ஒன்று உண்டு. வட்டத்தில் எப்படித் தொடங்கினாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும்: "எங்களுக்கப்புறம்?" டாக்டர் தாரா தலைமையில் ஸ்கார்ஃப் குழு, நோயால் மணவாழ்க்கை முறிந்த பெண்களைப் பற்றி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மகளைத் திரும்ப ஏற்றுக்கொண்ட வயதான பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்ன கவலையும் இதுதான். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமிக்க 1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் வழி செய்கிறது. மனநோய் அந்தப் பட்டியலில் இல்லை. பழைய 1987 மனநலச் சட்டத்தில் இருந்த பாதுகாவலர் ஏற்பாடும் 2017 சட்டத்தில் நீக்கப்பட்டது. ஐம்பது வயது மகனுக்காக ஒரு வீட்டை எழுதி வைத்தால், அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ள யாருக்கு அதிகாரம் என்று எண்பது வயது அப்பா வக்கீல் வக்கீலாக அலைகிறார். அதனால் காகித மேஜையில் இப்போது ஒரு வக்கீலையும் உட்கார வைக்கிறவர்கள் புத்திசாலிகள்.

அதே 2017 சட்டத்தின் 18-வது பிரிவு, இடைநிலை இல்லங்கள், உதவியோடு வாழும் குடியிருப்புகள், நோயாளியின் குடும்பத்துக்குத் துணையாக இருக்கும் சேவைகள் ஆகியவற்றை அரசு செய்துதர வேண்டிய பொறுப்புகளாக எழுதி வைத்திருக்கிறது. அந்தப் பிரிவை நகலெடுத்து, கூட்டத்துக்கு வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கி, எங்கள் மாவட்டத்தில் இது எங்கே இருக்கிறது என்று கலெக்டரின் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதற்கும் நாலு பேர் போக வேண்டும். அந்தத் திங்கட்கிழமை அவர்கள் வீட்டில் யார் இருப்பது என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ள வேண்டும்.